கந்தளாயில் நின்ற வானும் 1988இன் மக்லாரனும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் ராசனுக்கு,

நலம். அங்கு அனைவரும் நலமாயிருப்பீர்கள். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரரையே காணவில்லை, நான் ஓட்டும் வான் வண்டிக்கு ஹயரும் இல்லை. அதனால்தான் உனக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தது.

2023 ஃபோர்முலா 1 கார்ப் பந்தயத்தில் ரெட்புல் அணி 22 போட்டிகளில் 21ஐ வென்றது, அதைவிடச் சிறந்த பந்தயக் கார் எது என்று கேட்டிருந்தாய். கணக்குப்படி நீ சொல்வது சரிதான் மச்சான். ஆனாலும் என் ஓட்டு 1988இன் மக்லாரன் அணியின் காருக்கே. 16 போட்டிகளில் 15 வெற்றி.

அந்த வருடம் டேர்போ கார்களின், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி பூட்டிய கார்களின், கையைக் கட்டித்தான் ஓடவிட்டார்கள். ஒரு போட்டிக்கு 150 லீற்றர் பெற்றோல், அந்தக் காற்றின் அழுத்தம் 2.5 பார் அளவுக்கு மேல் போகக்கூடாது. டேர்போ இல்லாதவர்களுக்கோ பெற்றோலில் கட்டுப்பாடே இல்லை. மக்லாரனின் ஹொண்டா டேர்போ எஞ்சின் அந்த அளந்த பெற்றோலிலும் எல்லோரையும் முந்தியது. காரும் அவ்வளவு தாழ்வு, அதன் ஓட்டுநர்கள் செனாவும் ப்ரொஸ்ட்டும் ஏறக்குறையப் படுத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். தலை தாழ்ந்ததால் காரைத் தரையோடு அழுத்தும் பின்சிறகுக்குக் காற்று தடையின்றிப் போனது. இத்தாலியின் மொன்சாவில் மட்டும் சறுக்கல்: ப்ரொஸ்ட்டின் எஞ்சின் போனது, முன்னணியில் நின்ற செனா இரண்டு சுற்று மீதமிருக்க, பின்தங்கிய கார் ஒன்றோடு மோதினார். பெராரி அணியை உருவாக்கிய என்ஸோ பெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம், முதலிரண்டு இடமும் பெராரிக்கு! அந்தத் தோல்வியை மட்டும் நான் மன்னித்துவிட்டேன்.

ஆனால் வேகம் மட்டும் போதாது, 2005ஐ நினைத்துப் பார். மக்லாரன் 10 போட்டிகளை வென்றது, ரெனோ அணி 8. இரண்டு பட்டமும் ரெனோவுக்கு. ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் கடைசிச் சுற்றில், தேய்ந்த ரயரின் அதிர்வு தாங்காமல் மக்லாரன் ஓட்டுநர் ரைக்கோனனின் சஸ்பென்ஷன், சில்லைத் தாங்கும் பகுதி, முறிந்தது. அந்த வருடம் போட்டி நடுவே ரயர் மாற்றவும் விடவில்லையே.

என் கதையும் அதுதான். போன வருடம் ஆசைப்பட்டு வானுக்குப் பெரிய எஞ்சின் போட்டேன். இரண்டு கிழமை பறந்தது. பிறகு கந்தளாய்க்குக் கிட்ட, ஏழு பேர் உள்ளே இருக்க, பழைய கியர்பெட்டி கையை விரித்துவிட்டது. கராஜ்காரர் பார்த்துவிட்டு, "எஞ்சினை மாத்தினியள், மிச்சத்தை ஆர் மாத்துறது?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது, அவர் சொன்னது சரி என்பதால்.

இப்போது பழைய எஞ்சினையே திரும்பப் பூட்டியாயிற்று. நீ ஆடியில் வந்தால் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகிறேன். மெதுவாகத்தான் போவோம்.

அன்புடன்,
குமரன்