இருபது வருட வேலைக்கு ஒரு வருட ஆளா?

மலையகத்தில் ஆராய்ச்சி நிறுவனங்களை நடத்துகிற ஐயா, அம்மணிமாருக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் எழுதுகிறேன். இளசுகள் ஆராய்ச்சிக்கு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்று மேடைக்கு மேடை குறைப்படுகிறீர்கள். வருகிறார்கள். நிற்கத்தான் வழியில்லை.

தேயிலையையே எடுங்கள். மகரந்தம் சேர்த்து, நாற்றைப் பொறுக்கி, தண்டுத் துண்டு வைத்து வளர்த்து, மேட்டுத் தோட்டத்திலும் தாழ்வான தோட்டத்திலும் நட்டு, விளைச்சலையும் நோய் தாங்குவதையும் பார்த்து, கடைசியில் கோப்பையில் ருசியும் பார்த்து ஒரு புது இனத்தை வெளியே விட இருபது வருடம் வரை பிடிக்கும். அவ்வளவு நீளமான ஒரு துறைக்குள் வருகிற பிள்ளைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம்.

என் மாணவி ஒருத்தி பேராதனையில் பட்டம் முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) உதவியாளராகச் சேர்ந்தாள். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் மண் அள்ளிவந்து, நிழலில் காயவைத்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்து, பைக்குப் பை இலக்கம் எழுதுவாள். உரமாகப் போட்டுப்போட்டு மிஞ்சிய பொசுபரசு அந்த மண்ணில் எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்று தோட்டக்காரர்களிடமே விளக்குவாள், அவர்களும் கேட்பார்கள். திட்டத்துக்கு வந்த பணம் முடிந்தது, அவளையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது டவுனில் ஒரு நிதி நிறுவனத்தில் நகை அடகு பிடிக்கிறாள். சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது, அதில் அவளுக்குக் குறையில்லை. குறை எனக்குத்தான். அவள் சலித்து வைத்த பைகளில் எது எந்தத் தோட்டம் என்று தெரிந்த ஆள் இனி அங்கே கிடையாது.

பணம் இல்லை என்பீர்கள். சரி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.1 சதவீதம் அளவில்தான், நிரந்தர நியமனமும் கொழும்பில் தீர்மானிக்கிற சங்கதி. ஆனால் திட்டம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே "வேறு வேலை பார்த்துக்கொள்" என்று வாய்திறந்து சொல்ல என்ன செலவு? அவள் செய்த அதே வேலையை முதுமாணிப் பட்டத்துக்குப் பதிய விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடமாவது இருந்திருப்பாள். அந்த வேலையை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரைக்கூடப் போடவில்லையே, அதற்குமா கொழும்பு அனுமதி?

அப்புறம் இன்னொன்று. தலவாக்கலை, கன்னொறுவை, ஹந்தானை என்று ஆய்வுக்கூடங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன, ஆனால் லயத்துப் பிள்ளைகள் பலருக்கு பஸ்ஸில் போகும்போது கண்ட பெயர்ப்பலகைதான் பழக்கம். தமிழில் பேச ஓர் ஆளை வைத்து வருடத்துக்கு ஒருநாள் கதவைத் திறந்துவிடுங்கள்.

இந்த வருடமும் என் வகுப்பில் இரண்டு பேர் "சேர், ஆராய்ச்சிக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்? எழுதியனுப்புங்கள், அப்படியே வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.