"இன்றே நிறுத்துங்கள்" என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்டீராய்டு மாத்திரைகளின் தீமைகள் பற்றி நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் உப்புவது, எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது என்று அதில் சொன்னதெல்லாம் சரிதான். ஸ்டீராய்டு மாத்திரைகள், அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனைப் போல வேலை செய்பவை. அது அளவு மிஞ்சினால் வரும் அறிகுறிகள் இவை. கார்டிசோல் என்ற பெயரே இல்லாத காலத்தில், 1912-ல், அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இவற்றை விவரித்தார். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் முளைக்கும் சிறு கட்டிதான் காரணம் என்று 1932-ல் எழுதினார். அவரைக் கட்டுரையாளர் பாராட்டியதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கட்டுரையின் கடைசியில், பெரிய எழுத்தில், "இன்றே நிறுத்துங்கள்" என்று போட்டிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் பிட்யூட்டரியில் கட்டி இருந்தது. மூக்கு வழியாக எடுத்தார்கள். கட்டியோடு, பிட்யூட்டரியிலிருந்து வந்து அட்ரீனலை வேலை வாங்கும் ஏ.சி.டி.எச். ஹார்மோனும் போய்விட்டது. அட்ரீனல் இரண்டும் சிறுநீரகங்களின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன, ஏவ ஆளில்லை. அதனால் காலையில் எழுந்ததும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., மதியம் 5, மாலையில் 5. உடம்பு தானே சுரக்க வேண்டியதை மாத்திரையாகப் போடுகிறேன், அவ்வளவுதான். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் கட்டுரை வந்த அன்றே நாத்தனார் போன் செய்து, "அண்ணி, இன்னுமா அதை முழுங்குறீங்க?" என்றாள். எனக்கு விஷயம் தெரியும், சிரித்துவிட்டேன். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தினால் அவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதைக் குறைத்துவிடும், அட்ரீனல் சுருங்கும். அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1948-ல் மூட்டுவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். எழ முடியாமல் கிடந்தவர் நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், வேதியியலாளர்கள் கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. 1952-ல், கார்டிசோன் சாப்பிட்டுவந்த ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தம் சரிந்து 'ஷாக்' நிலைக்குப் போய் இறந்தது மருத்துவ இதழில் பதிவானது. அவருடைய அட்ரீனல் சுருங்கிப் போயிருந்தது. பரிசுச் செய்தி எல்லோருக்கும் தெரிகிறது, இந்தச் செய்தி மருத்துவர்களோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்ரீனலே பழுதாகும் நோயை தாமஸ் ஆடிசன் 1855-ல் விவரித்தார்: ஓயாத சோர்வு, வயிற்றுக் கோளாறு, தோல் கறுப்பது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடிக்கு இருந்தது அதுதான். 1954-ல் அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அட்ரீனல் குறைபாடு உள்ளவரை எப்படிக் காப்பாற்றினோம் என்று அடுத்த ஆண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள், '37 வயது ஆண்' என்று மட்டும் சொல்லி. அது கென்னடிதான் என்று பிறகு தெரியவந்தது. என்னைப் போல பிட்யூட்டரியால் வருகிற குறைபாட்டில் தோல் கறுக்காது. பார்ப்பவர்களுக்கு நோயாளி மாதிரியே தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஆளாளுக்கு 'மாத்திரையை விட்டுப் பாரேன்' என்கிறார்கள்.

நல்ல உடம்பு காய்ச்சல் வந்தால் தானாகக் கார்டிசோலைக் கூட்டிக்கொள்ளும். எங்களால் அது முடியாது. காய்ச்சலென்றால் மாத்திரை அளவை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, உடனே. தாமதித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. ஒருமுறை அவசரப் பிரிவில் நான் ஸ்டீராய்டு சாப்பிடுபவள் என்று எழுதிக் கைப்பையில் வைத்திருக்கும் அட்டையைக் காட்டியும் "முதலில் டெஸ்ட் வரட்டும்" என்றார்கள். ஊசி போட வைக்க என் கணவர் சத்தம் போட வேண்டியிருந்தது. பரிசோதனை முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இதை நோயாளிதான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் அதே பக்கத்தில், ஹார்மோன் மருத்துவர் ஒருவரைக் கேட்டு, ஒரு திருத்தம் போடுங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், என்னைப் போன்றவர்கள் நிறுத்தவே கூடாது. இவ்வளவு இருந்தால் போதும். முன்பு போட்ட அதே பெரிய எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்