படத்தைக் காட்டினீர்கள், கடிதத்தை விட்டுவிட்டீர்கள்

கொரிய மை ஓவியக் கண்காட்சியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன். மூங்கில் ஓவியங்களை வைத்திருந்த அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தமெல்லாம் ‘செஹான்தோ’ என்ற பழைய கொரிய ஓவியத்தின் நகலைப் பற்றியது.

ஓவியத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டி, ‘குளிர்காலக் காட்சி, 1844’ என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், “நாலு மரம், ஒரு வீடு. இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

அது காட்சியே இல்லை, நன்றிக் கடிதம். வரைந்த கிம் ஜொங்ஹி அப்போது கொரியாவின் ஜேஜு தீவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட கைதி. பதவி போனதும் பழகியவர்கள் விலகிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளரான அவரது மாணவர் யீ சாங்ஜொக் மட்டும் பெய்ஜிங் போகும்போதெல்லாம் புத்தகம் வாங்கி அனுப்பினார். ஒரு தொகுப்பு மட்டுமே 120 பாகம்! தீவிலிருந்த கைதியிடம் பதிலுக்குக் கொடுக்க என்ன இருந்தது? ஓவியத்துக்கு இடப்பக்கம் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கடிதத்தை எழுதினார். குளிர் வந்த பிறகுதான் பைனும் சைப்ரஸும் வாடாதவை என்று தெரியும் என்ற கன்பூசியஸ் வாக்கு அதில்தான் வருகிறது. அதைப் படித்தால்தான் அந்த மரங்கள் யாரென்று புரியும். நீங்கள் வெட்டியது அந்தப் பகுதியைத்தான்.

வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு முத்திரை. ‘ஓவியரின் பெயர்’ என்கிறது உங்கள் குறிப்பு. பெயரல்ல ஐயா, ‘நெடுநாள் ஒருவரையொருவர் மறவாதிருப்போம்’ என்ற பொருள்தரும் நான்கு சீன எழுத்துகள். முதலில் இதைத் திருத்துங்கள்.

மை விஷயத்திலும் ஒரு வரி சேர்க்கலாம். தூரிகையில் மை கொஞ்சம்தான். காகிதத்தைப் பிறாண்டியதுபோல் வறண்ட கோடுகள். கையாலாகாமல் அப்படி வந்ததில்லை. வேண்டுமென்றே வரைந்த வறட்சி அது.

யீ அதைப் பெய்ஜிங் கொண்டுபோய்க் காட்ட, 16 சீன அறிஞர்கள் எழுதிய பாராட்டுகளும் ஓவியத்தோடு ஒரே சுருளாகச் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் டோக்கியோவில் இருந்த சுருளை ஒரு கொரியர் கெஞ்சிக் கூத்தாடி மீட்டு வந்தார். பின்னாளில் எழுதியவர்களையும் சேர்த்து இன்று நீளம் 14 மீட்டருக்கு மேல். 2020இல் சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது.

முழுச் சுருளுக்கும் இடமில்லை என்பீர்கள். சரி, கிம் எழுதிய பகுதியையாவது தமிழாக்கத்தோடு ஓவியத்தை ஒட்டி வையுங்கள். ஒரு மீட்டர் கூட ஆகாது. அங்கே இப்போது நிற்கும் சாவிக்கொத்து விற்கும் மேசையை வாசல் பக்கம் நகர்த்தினால் போதும்.

இப்படிக்கு,
இன்னொரு முறை வர நினைக்கும் பார்வையாளர்