கத்தியா ஊசியா

மாப்ள,

லெட்டர் வந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கு பேரன் நடக்க ஆரம்பிச்சதையும் புதுசா வந்த மேனேஜர் உன்னப் படுத்துற பாட்டையும் எழுதிட்டு, கடைசியில ஓரத்துல பொடி எழுத்துல "கீழ ஹைட்ரோசீலாம், ஆபரேஷன்ங்கறாங்க, ஊசி போட்டும் எடுக்கலாம்ங்கறாங்க, நீ என்ன பண்ணே"ன்னு கேட்டிருக்க பாரு, அதுக்குத்தான் லெட்டரே எழுதியிருக்கன்னு எனக்குத் தெரியாதா. நாப்பது வருஷமா உன்னப் பார்க்கிறேன்டா.

சரி கேளு, இந்த ஹைட்ரோசீல, அதான் விதைப்பையில தண்ணி கட்டிக்கிறத, வச்சுக்கிட்டு நான் வெக்கப்பட்டே மூணு வருஷம் ஓட்டினவன். மொதல்ல எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் இருந்துச்சு, வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, வயசானா எல்லாம் தொங்கத்தானே செய்யும்னு விட்டுட்டேன், அப்புறம் பேண்ட் ஒரு சைஸ் பெருசு, அப்புறம் ரெண்டு சைஸ் பெருசு, பைக்ல உக்காரும்போது ஒரு கையால ஒதுக்கிட்டு உக்காருவேன், கால் மேல கால் போட்டு உக்கார்றதையே மறந்தாச்சு. வீட்ல அவதான் ஒருநாள் கேட்டா, என்னங்க நடையே ஒரு மாதிரி இருக்குன்னு. அதுக்கப்புறம்தான் டாக்டர்ட்ட போனேன்.

அங்க நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு. லைட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு சின்ன டார்ச்ச விதைப்பைக்குப் பின்னாடி வச்சு அடிச்சார். மொத்தமும் உள்ள பல்பு போட்ட மாதிரி செக்கச்செவேல்னு எரியுது மாப்ள, நடுவுல ஒரு ஓரமா விதை மட்டும் கருப்பா நிழல் மாதிரி. தண்ணியா இருந்தா வெளிச்சம் ஊடுருவும், கட்டியா இருந்தா இப்படி எரியாதுன்னார். எனக்குப் பயத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா டார்ச்சோட விடல, ஸ்கேனும் எடுத்தே ஆகணும்னுட்டார். தண்ணி சுத்தி நிக்கறதால விதையக் கையால தொட்டுப் பார்க்க முடியாது, சில பேருக்கு உள்ள கட்டி இருந்து அதனாலகூட தண்ணி சேருமாம், இல்ல குடலே கீழ இறங்கியிருக்கும், அது தெரியாம ஊசிய விட்டா வம்பு. நீ ஸ்கேன் எடுத்தியா இல்லையான்னு லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல. எடுக்கலன்னா மத்த பேச்செல்லாம் அப்புறம்.

எனக்கும் கத்தின்னா பயம். அந்த டாக்டர் ஆபரேஷன்னு சொன்னதும் நைசா நழுவி வேற ஒருத்தர்ட்ட போயி ஊசியிலயே எடுத்துக்கிட்டேன். வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி வெளிர்மஞ்சளா சிரிஞ்ச் சிரிஞ்சா வந்துச்சு, பத்தே நிமிஷம், எழுந்து நடந்தா பஞ்சு மாதிரி இருக்கு, இதுக்குப் போயி ஆபரேஷனான்னு நினைச்சேன். ரெண்டாவது மாசம் பாதி ரொம்பிடுச்சு. நாலாவது மாசம் பழைய குருடி கதவத் தெறடி. அப்புறம்தான் புரிஞ்சுது, விதையச் சுத்தி ரெண்டு அடுக்கா ஒரு சவ்வு இருக்காம், அது தண்ணிய ஊறவும் வைக்கும் உறிஞ்சவும் செய்யும், அந்தக் கணக்கு தப்பினாத்தான் தேங்குது. நான் பக்கெட்டத்தான் காலி பண்ணேன், குழாய் தொறந்தேதான் கெடக்கு. எடுத்தவர் இத ஒரு வார்த்தை சொல்லல, அதுல எனக்கு இன்னும் கோவம்தான்.

அதனால கடைசியில ஆபரேஷன். சவ்வு மெல்லிசா இருந்தா மடிச்சு மடிச்சு தையல் போட்டுடுவாங்க, தடிச்சுப் போயிருந்தா கொஞ்சத்த வெட்டிட்டு மிச்சத்த சட்டைய உள்பக்கம் வெளிய திருப்பற மாதிரி திருப்பித் தச்சுடுவாங்க, அப்புறம் ஊறுற தண்ணிய அக்கம்பக்கத்துச் சதையே இழுத்துக்கும். எனக்கு ரெண்டாவது வகை. முதுகுல மரத்துப்போற ஊசி, மறுநாள் வீடு. அது பெரிய விஷயமே இல்ல, விஷயம் அதுக்கப்புறம்தான். மூணாவது நாள் பார்த்தா ஆபரேஷனுக்கு முந்தி இருந்தத விடப் பெருசா, கருநீலமா வீங்கி நிக்குது, காச வாங்கிட்டு ஏமாத்திட்டாங்கன்னே நினைச்சேன். அப்படித்தான் இருக்கும், மெதுவா வடியும்னாங்க, உள்ள கல்லு மாதிரி இருந்த கெட்டி கரைய ரெண்டு மூணு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் விதைப்பையத் தாங்கிப் பிடிக்கிற ஜட்டி மாதிரி சப்போர்ட் டைட்டா போட்டுக்கணும், வெயிட் தூக்கக் கூடாது, பைக் கூடாது. ஒரு சிலருக்கு உள்ள ரத்தம் கட்டிக்கும், சீழ் பிடிக்கும், எனக்கு அது இல்லாம தப்பிச்சேன். ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் திரும்பி வரவே இல்ல.

இப்ப உனக்கு வருவோம். நான் பண்ணேன்னு நீயும் பண்ணாத. உனக்கு இதய ரத்தக்குழாய் அடைச்சுக்காம இருக்க ஸ்டென்ட்ங்கற கம்பிவலைக் குழாய் வச்சு இன்னும் ஒரு வருஷம் ஆகல, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை ஓடுது. அந்த மாத்திரையோட ஆபரேஷன் பண்ணா ரத்தம் கட்டிக்கிற பயம், மாத்திரைய நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கிற பயம், அதான் அவசரமில்லாத ஆபரேஷன மாசக்கணக்குல தள்ளிப்போடச் சொல்லுவாங்க. யாராவது அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்கன்னா சரின்னு தலையாட்டாத, இதய டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையக் கூட விடாத.

வெறும் ஊசி இல்லாம, தண்ணிய எடுத்துட்டு உள்ள மருந்து விடற முறையும் இருக்கு. டாக்சிசைக்ளின், பொலிடோகனால் மாதிரி ஏதாவது விடுவாங்க, அது சவ்வு ரெண்டையும் ஒட்ட வச்சுடும், தண்ணி தேங்க எடம் இருக்காது. மயக்கம் வேணாம், அன்னிக்கே வீட்டுக்கு. ஒரு தடவையில சரியாகலன்னா மறுபடி பண்ணணும், ஒரு ரெண்டு நாள் நல்லா வலிக்கும், திரும்பி வர்றதும் ஆபரேஷன விட ஜாஸ்திதான். குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிறவங்களுக்கு யோசிப்பாங்க, பேரன் எடுத்த உனக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா இதுவும் ஊசிதான், மாத்திரை விஷயத்த அங்கயும் மொதல்லயே சொல்லிடு.

இதெல்லாம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ, அது உனக்கு நிஜமாவே தொல்லையா இருக்கா? ஹைட்ரோசீல் புற்றுநோயா மாறாது, ஸ்கேன்ல விதை நல்லா இருந்தா சும்மா விடறதும் ஒரு வைத்தியம்தான். உன் லெட்டரப் பார்த்தா வலின்னு நீ எங்கயும் சொல்லல. என்னக் கேட்டா இப்போதைக்கு சப்போர்ட்ட மாட்டிக்கிட்டு அந்த மாத்திரை காலம் முடியறவரை ஓட்டு, ரொம்ப பாரமாயிட்டா மருந்து விடற வழியக் கேளு, ஆபரேஷன் எங்கயும் ஓடிடாது. திடீர்னு வலியோ, காய்ச்சலோட செவந்து போறதோ வந்தா மட்டும் லெட்டர் எழுதிட்டு உக்காராத, அந்த நிமிஷமே கிளம்பு.

ஸ்கேன் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. உள்ள தடுப்பு தடுப்பா பிரிஞ்சிருக்குன்னு எழுதியிருந்தா மருந்து எல்லா எடத்துக்கும் போகாது, அப்ப ஊசிக்கணக்கு மாறிடும். தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா இல்ல அவகிட்டயும் பொடி எழுத்துதானா?

பேரன் நடக்கிற வீடியோவும் சேர்த்து அனுப்புடா.

உன் மாப்ள