கண்ணைக் கட்டும் வகுப்பும் கண்ணால் காணும் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் மதில்களில் ஒட்டப்படும் ரியூஷன் விளம்பரங்களோடு இப்போது மூளையும் சேர்ந்துவிட்டது. ‘நடுமூளையைத் தூண்டுகிறோம்’, ‘உங்கள் பிள்ளை இடது மூளையா, வலது மூளையா என்று கண்டு சொல்கிறோம்’ என்கிறார்கள். நடுமூளை விழித்ததற்கு அத்தாட்சியாக, கண்ணைக் கட்டிக்கொண்டே அட்டையின் நிறத்தைச் சொல்லும் பிள்ளைகளைக் காட்டுகிறார்கள். பெற்றோர் காசு கட்டுகிறார்கள். மண்டபம் கொடுக்கும் பாடசாலைகளும் உண்டு. கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்த ஆய்வுகூடக் கண்ணாடி வில்லைகளை மாற்றத்தான் காசு இருப்பதில்லை.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. நீளம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். கண்ணசைவும், சத்தம் வந்த பக்கம் சட்டென்று தலை திரும்புவதும் அதன் வேலைகளில் சில. உடலசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் கலங்களும் அங்கேதான் இருக்கின்றன. அது தூங்கிக்கொண்டிருந்தால் பிள்ளை வகுப்புக்கு நடந்தே வந்திருக்காது. கண்ணைக் கட்டிய பிள்ளை அட்டையின் நிறத்தைச் சொல்வது மூக்கோரத்து இடைவெளியால் கீழே பார்த்துத்தான். சோதிப்பது சுலபம். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்காமல் நெற்றிக்கு மேலே பிடியுங்கள். இல்லையென்றால் அறையை முழு இருட்டாக்கிவிட்டுக் கேளுங்கள்.

இடது, வலது கதையும் இப்படித்தான். மொழி பெரும்பாலானோருக்கு இடப்பக்கத்தில் கூடுதலாகக் கையாளப்படுவது உண்மை. ஆனால் ஒரு பக்கம் முழுவதுமே வலுத்த ‘இடது மூளைக்காரர்’ என்று ஆட்கள் இருக்கிறார்களா என்று 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 7 முதல் 29 வயது வரையான 1011 பேரின் மூளை வருடல்களில் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு வகையினரைக் காணவில்லை.

இதனால் மூளை ஆய்வே கல்விக்கு உதவாது என்று ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செந்நிறக்கீழ் ஒளியை நெற்றியில் செலுத்தி, 3 சென்ரிமீற்றர் தள்ளி வைத்த உணரியால் திரும்பி வருவதை அளந்தால், ஒட்சிசன் ஏற்றிய குருதியும் ஏற்றாத குருதியும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவது தெரியும். ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் 1977இல் காட்டிய வழி இது. ஒளிமூலம் இன்று பெரும்பாலும் லேசர் டயோட்டு அல்லது எல்ஈடி. பிள்ளை கணக்குச் செய்யும்போது மூளையின் எந்த மேற்பரப்பில் குருதி கூடுகிறது என்பதை இதனால் பார்க்கலாம். நாளைக்கு இரண்டாம் பாடவேளையில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது.

வகுப்பில் எது பலன் தருகிறது என்பதை அளந்து சொன்னவர்களில் இருவர் லேசரோடு வேலை செய்த பௌதிகவியலாளர்கள். கார்ல் வீமன், அணுக்களை லேசரால் குளிரூட்டி மேலும் குளிர்வித்துப் புதியதொரு சடநிலையை உண்டாக்கியதற்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மின்காந்த அலைகள் பற்றிய ஒரு வாரப் பாடம் இரண்டு வகுப்புகளுக்கு இரண்டு விதமாக நடந்தது. அனுபவமிக்க விரிவுரையாளர் விரிவுரையாகவே நடத்திய வகுப்பு சோதனையில் 41 சதவீதம் எடுத்தது. கேள்வி கேட்டு, பிள்ளைகளை யோசித்துப் பேச வைத்த வகுப்பு 74 சதவீதம் எடுத்தது.

மற்றவர் மிகமிகக் குறுகிய நேரம் மின்னும் ஃபெம்ற்றோசெக்கன் லேசர் ஆய்வுகளுக்காக அறியப்பட்ட, ஹாவார்டின் எரிக் மசூர். அவர் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வு நமது ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஆசிரியர் ஒரு பரிசோதனையைச் செய்துகாட்டுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். பின்னர் அதே விடயம் கேள்வியாக வருகிறது. செய்துகாட்டலைப் பார்க்கவே செய்யாதவர்களில் சரியான காரணம் சொன்னவர்கள் 22 சதவீதம். பார்த்தவர்களில் 24. கைதட்டிப் பார்த்ததற்குப் பலன் இரண்டே புள்ளி! என்ன நடக்கும் என்று முதலே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களில் அது 30, பக்கத்திலிருப்பவரோடு பேசவும் செய்தவர்களில் 32. ஊகிக்க வைக்கச் செலவான மேலதிக நேரம் ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

இதை உயர்தர வகுப்பொன்றில் செய்வதற்கு ஒரு பழைய சீடித் தட்டும் ஒரு சிவப்பு லேசர் லைற்றும் போதும். சீடியின் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி இருப்பதால், ஒளியைப் பிரித்துச் சுவரில் வரிசையாகப் பொட்டுகள் விழச் செய்யும் நுண்கோடு கீறிய கண்ணாடிக்குப் பதில் அதையே பயன்படுத்தி லேசரின் அலைநீளத்தை அளக்கலாம். எழுதக்கூடிய வெற்றுச் சீடி நல்லது. பெயர் எழுதும் பக்கத்தை பிளேட்டால் இலேசாகக் கீறி, செலோரேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால் வெள்ளிப் படலம் உரிந்து வந்துவிடும். எஞ்சும் சாயத்தை ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். உரிக்காத சீடி கண்ணாடிபோல லேசரைத் திருப்பி யாராவது ஒருவர் கண்ணில் அடிக்கும், அதை எடுக்க வேண்டாம்.

தட்டை நிமிர்த்தி, அதன் வலது அல்லது இடது விளிம்போரமாகக் கதிரைச் செலுத்த வேண்டும். அங்கேதான் தடங்கள் நிலைக்குத்தாக, ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். பொட்டுகள் கிடையாக விழும். மேல் விளிம்பில் அடித்தால் பொட்டுகள் கூரைக்கும் தரைக்கும் போய்விடும். லேசர் லைற்றின் பொத்தானை உடுப்புக் கிளிப் ஒன்றால் அழுத்திவிட்டால் கை ஆடாது. தட்டிலிருந்து 50 சென்ரிமீற்றரில் சுவர் இருந்தால், 650 நனோமீற்றர் லேசருக்கு, நடுப் பொட்டுக்கு அடுத்த முதலாம் பொட்டு நடுவிலிருந்து 22.2 சென்ரிமீற்றரில் விழும். நடுவிலிருந்து அளக்காமல், இடது பொட்டுக்கும் வலது பொட்டுக்கும் இடையிலான 44.5 சென்ரிமீற்றரை அளந்து பாதியாக்குங்கள். தட்டு சற்றுச் சரிந்திருந்தாலும் பிழை பெருமளவு கழிந்துபோகும்.

பெரும்பாலான வகுப்புகள் சறுக்கும் இடம் கணக்குத்தான். சிறு கோணத்துக்கான சுருக்கச் சமன்பாட்டைப் பிள்ளைகள் பழக்கத்தில் எடுத்து, தட இடைவெளியை 22.2/50 ஆல் பெருக்குவார்கள். விடை 710 நனோமீற்றர் வரும். கோணம் இங்கே 24 பாகை, சிறியதல்ல. தட இடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் 650 வரும். இரு பொட்டுகளுக்கு இடையிலான அளவில் அளவுகோல் அரை சென்ரிமீற்றர் தவறினால் வரும் பிழை 6 நனோமீற்றர்தான். தவறான சமன்பாட்டால் வருவது 60. செய்முறைப் புத்தகத்தில் ‘மனிதத் தவறு’ என்று எழுதித் தப்புவதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

லேசரைப் போடுமுன் ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் ஊகம் எழுத வேண்டும். சுவரின் தூரத்தை இரட்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், அதில் நேரம் போக்க வேண்டாம். சீடிக்குப் பதில் டிவிடி வைத்தால் பொட்டுகள் விரியுமா, நெருங்குமா என்று கேளுங்கள். டிவிடியில் தட இடைவெளி 0.74 மைக்ரோமீற்றர். முதலாம் பொட்டு 61 பாகைக்கு ஓடிவிடும், இரண்டாம் பொட்டு இருக்கவே இருக்காது. சைன் 1ஐத் தாண்டுவதை எழுத்தில் செய்த பிள்ளைக்கு அது சுவரில் இல்லாமல் போவதைக் காண்பது வேறு அனுபவம்.

மிகச் சிறந்த கேள்வி தண்ணீரில் இருக்கிறது. 20 சென்ரிமீற்றர் அகலக் கண்ணாடித் தொட்டியின் முன்பக்கத்தில் வெளியே உரித்த சீடியை ஒட்டி, பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். வெறுந்தொட்டியில் முதலாம் பொட்டு நடுவிலிருந்து 8.9 சென்ரிமீற்றரில் நிற்கும். தண்ணீர் ஊற்றினால்? ஊகத்தை எழுதிய பிறகுதான் ஊற்ற வேண்டும். பொட்டு 6.4 சென்ரிமீற்றருக்கு நெருங்கிவிடும், ஏனென்றால் தண்ணீருக்குள் அலைநீளம் 650ஐ 1.33 ஆல் வகுத்த 489 நனோமீற்றர். ‘489 என்றால் நீலமாயிற்றே, ஏன் சிவப்பாகவே இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால் அன்றைய பாடம் வென்றுவிட்டது. மீடிறன் மாறவில்லை, நிறம் மீடிறனைப் பொறுத்தது. இதை ஆசிரியர் உடனே சொல்லிவிடக்கூடாது. இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவர்கள் சண்டை பிடிக்கட்டும்.

அடுத்தது நினைவு. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வில் ஒரு சாரார் பந்தியொன்றை இரண்டு தரம் படித்தனர். மற்றவர்கள் ஒரு தரம் படித்து, பாராமல் ஒரு தரம் எழுதினர். 5 நிமிடத்தின் பின் நினைவிலிருந்ததில் இருதரம் படித்தவர்களே முன்னால்: அவர்களுக்கு 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இருதரம் படித்தவர்களுக்கு 42, மற்றவர்களுக்கு 56. இருதரம் வாசித்ததும் வரும் ‘எல்லாம் விளங்கிவிட்டது’ என்ற திருப்தியை நம்ப முடியாது என்பதுதான் இதன் பொருள். நமது பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் செய்யாமலில்லை. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் மொத்தமாகச் செய்கிறார்கள், அதுவும் விடைப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. செய்முறைக்கு மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து, கொப்பியை மூடிவைத்து ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி என்று பிரித்தாலே போதும்.

லேசர் வாங்கும்போது சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. வகுப்பு 2 என்றும் 1 மில்லிவாற்றுக்குக் குறைவு என்றும் பொறித்த சிவப்பு லேசர் மட்டும் வாங்குங்கள். அந்த வலுவில் கண் கால் செக்கனுக்குள் தானாக மூடித் தப்பித்துக்கொள்ளும். திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பச்சை லேசர் வேண்டாம். அதற்குள் 808 நனோமீற்றர் டயோட்டு 1064 நனோமீற்றர் ஒளியை உண்டாக்கி, இன்னொரு பளிங்கு அதை 532 நனோமீற்றர் பச்சையாக மாற்றுகிறது. மலிவான கருவிகளில் மிச்சச் செந்நிறக்கீழ் ஒளியைத் தடுக்கும் வடி இல்லாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது, விழித்திரையில் வலி நரம்பும் இல்லை. சுட்டது பிறகுதான் தெரியும்.

எங்கள் பாடசாலைகள் பலவற்றில் அரைச்சுவர் வகுப்பறைகள். கதிர் நடைபாதைப் பக்கம் போகாமல் முழுச்சுவரை நோக்கியும், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும். சீனன்குடாவில் விமானங்கள் இறங்கும் ஊர் இது, லேசரை வெளியே கொண்டுபோக விடாதீர்கள். முடிந்ததும் பற்றரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொதியோடு மூடியுள்ள டப்பாவில் வைத்தால் உப்புக்காற்றில் முனைகள் கறுக்காது.

வலயக் கல்வி அலுவலகங்கள் இந்த ஒரு செய்முறைக்கான பொருள்களையாவது பாடசாலைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். நடுமூளைக்காரர் மண்டபம் கேட்டு வந்தால் அதிபர்கள் மறுக்கக்கூட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை வைக்கட்டும்: அட்டையைப் பிடிப்பவர் எங்களில் ஒருவர், பிடிக்கும் இடம் நெற்றிக்கு மேலே.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.