பாண்ட் வாத்தியக் குழுவைப் பொறுப்பேற்ற மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இது தொலைபேசியில் பேசி முடிகிற விஷயமும் அல்ல. திங்கட்கிழமை குறிகட்டுவானில் படகு ஏறுகிற உங்கள் கணித ஆசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

"சங்கீதம் படித்த பிள்ளைதானே" என்று சொல்லி ஒரு விஞ்ஞான ஆசிரியையின் தலையில் பாண்ட் வாத்தியக் குழுவைக் கட்டிவிட்டார் உங்கள் அதிபர். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு நீ வேண்டாவெறுப்பாகப் பாடிப் பழகியது நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டது! ஆனாலும் நீ பயப்படுகிற அளவுக்கு இது உனக்குப் புறத்தியான சங்கதி அல்ல.

முதலில் உன் பெரிய முறைப்பாட்டுக்கு வருகிறேன். எல்லோரையும் ஒரே நேரத்தில் "சி" ஊதச் சொன்னாயாம், ஆட்டுப் பட்டிக்குள் நாய் புகுந்தது போலச் சத்தம் வந்ததாம். பிள்ளைகள் பிழை விடவில்லை. அந்த வாத்தியங்கள் செய்யப்பட்ட விதம் அப்படி. நீ ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவாய், நான் ஒரு கட்டையில் பாடுவேன்; இரண்டு பேரும் தொடங்குகிற ச-வை ஷட்ஜம் என்றுதான் சொல்கிறோம், கேட்கிற ஒலி வேறு. வாத்தியங்களும் அப்படித்தான். உன்னிடம் இருக்கிற கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது அவற்றின் ஷட்ஜம் ஆறரைக் கட்டை. ஆல்டோ சாக்சபோனுக்கு ஈ ஃபிளாட், இரண்டரைக் கட்டை. லண்டனில் இருந்து வந்த வெள்ளிப் புல்லாங்குழலுக்கு மட்டும் ஒரு கட்டை. ஆகவே எல்லோரையும் ஆறரைக் கட்டையில் நிறுத்து. கிளாரினெட்காரரும் ட்ரம்பெட்காரரும் தங்கள் "சி"யை ஊதட்டும். சாக்சபோன் பிள்ளை தன் பஞ்சமமான ப-வை, அதாவது "ஜி"யை ஊதட்டும். புல்லாங்குழல் பிள்ளைகள் தங்கள் கைசிகி நிஷாதத்தை, பி ஃபிளாட்டை ஊதட்டும். நாலும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். சுருதிப் பெட்டியைக் கேட்டு வளர்ந்த உனக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது.

அங்கிருந்து ச, ரி, க, ம, ப என்று ஐந்தே ஐந்து ஸ்வரம், சங்கராபரண ராகத்தின் பாதி. உலகத்தில் பாண்ட் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் தொடங்குகிறார்கள். முதல் தவணை முழுவதும் இதற்கே போனாலும் குறையில்லை.

ஆனால் அதிபருக்கு முதல் தவணையிலேயே அணிநடை வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டியில் "பாண்ட் வாத்தியம் முழங்க அதிதிகள் அழைத்துவரப்பட்டனர்" என்று பத்திரிகையில் ஒரு வரி வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒரு வலயக் கல்விப் பணிப்பாளரைப் படலையிலிருந்து பந்தல் வரை கூட்டிக்கொண்டு வருவதற்காக, ஊதப் பழகாத பிள்ளைகளின் உதட்டைக் கெடுக்கவேண்டாம். அவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்: இந்த வருடம் டிரம் மட்டும் நடக்கும், குழல்கள் உட்கார்ந்து படிக்கும். டிரம் அடிக்கிற பிள்ளைகள் கெதியாகத் தேறிவிடுவார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பெற்றெடுத்த மாவட்டத்தில் தாளத்துக்குப் பஞ்சமில்லை. பேஸ் டிரம்மின் முதல் அடியும் இடது காலும் ஒன்றாய் விழவேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. இராணுவ நடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. உங்கள் மைதானத்து மணலில் சின்னக் கால்களுக்கு 100 போதும்.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய மாணவர் சங்கத்தில் பொன் பொத்தான் வைத்த சீருடைக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்றாய். யாழ்ப்பாணத்தில் இதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். தொப்பியில் இறகு நிற்கும், கிளாரினெட்டில் ஊதுகிற ரீட், அதாவது நாணல் சீவல், இருக்காது. அந்தப் பணத்தில் பாதியையாவது ரீட்டுக்கும் வால்வு எண்ணெய்க்கும் ஒதுக்கச் சொல்லிக் கேள். தொடங்குகிற பிள்ளைக்கு இரண்டாம் இலக்க ரீட் சரி. தடித்ததை வைத்தால் மூச்சு வாங்கி, அடுத்த கிழமை வயிற்று நோவு என்று வராமல் நின்றுவிடும். நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான்களைக் கவனித்திருப்பாய், அவர்களுடைய ரீட்டான சீவாளிகளில் மேலதிகமானவற்றை வாத்தியத்திலேயே கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இருக்கிற ஒன்று பிளந்துபோனால் கச்சேரி அதோடு முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊதப் பழக்குவதற்கு எங்கள் மாஸ்டர் செய்தது இது. அவர் பொலிஸ் பாண்டில் இருந்து ஓய்வுபெற்றவர். எழுபதுகளில் எங்களுக்கு வந்தார். ட்ரம்பெட்டின் குட்டைச் சகோதரமான கோணெட்டை உடனே கையில் தரவில்லை. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துச் சுவரில் வைத்து, விரலை எடுத்துவிட்டு, "விழாமல் ஊது" என்பார். சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி நின்று ஊதவேண்டும். நெஞ்சால் ஊதினால் தாள் படபடத்து வழுகும். அடிவயிற்றால் சீராக ஊதினால் ஒட்டியபடி நிற்கும். இதற்கு வாத்தியமும் வேண்டாம், காசும் வேண்டாம். அதற்குப் பிறகு வாய் வைக்கிற மவுத்பீஸ் மட்டும். உதட்டை இறுக்கி, வண்டு இரைகிற மாதிரி ஒரே சீராக. அதற்கும் பிறகுதான் வாத்தியம். பொறுமை கெட்ட பையன்கள் பாதியில் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டார்கள். நின்றவர்கள் நன்றாக வாசித்தார்கள்.

முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ட்ரம்பெட் கொடுக்காதே, பல் வந்த பிறகு பார்க்கலாம். "பொம்பிளைப் பிள்ளைக்கு ட்ரம்பெட் எதற்கு" என்று ஒரு தாய் கேட்டதாகச் சொன்னாய். அந்தப் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் அவளிடமே கொடு, தாயை நான் வந்து சமாளிக்கிறேன்.

கிளாரினெட் பிள்ளைகள் மேல் ஸ்தாயியில் தடுமாறுவார்கள், திட்டாதே. நீயே உயர்தரத்துக்குப் படிப்பிக்கிற பாடம்தான் அது. புல்லாங்குழல் திறந்த குழாய், உரத்து ஊதினால் மேல் ஷட்ஜத்துக்குப் போகும். கிளாரினெட் ஒரு பக்கம் மூடிய குழாய் போல நடக்கும், அடிச் சுரத்தின் மூன்று, ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்றொனிகள்தான் பலமாக எழும், ஆகவே ஒரேயடியாக மேல் பஞ்சமத்துக்குப் பாய்ந்துவிடும். அதனால்தான் கீழே ஒரு விரலடைவு, மேலே வேறு விரலடைவு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே ஒரு பாடமாக எடுத்துவிடலாமே.

வெப்பத்தையும் மறந்துவிடாதே. காற்றுச் சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் நிற்காது. இரண்டு நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு ட்ரம்பெட்டின் பெரிய இழுவைக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சேர்.

நெடுந்தீவின் உப்புக் காற்று பித்தளைக்கு எமன். வாசித்து முடித்ததும் உள்ளே நிற்கிற நீரை வடித்து, உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். உங்கள் காவலாளி குத்துவிளக்கு மினுக்குகிற பழக்கத்தில் பழப்புளி போட்டுத் தேய்க்கப் பார்ப்பார், தடுத்துவிடு. மேல்பூச்சு போய்விட்டால் பச்சை பிடிக்க அதிக நாள் எடுக்காது. மவுத்பீஸை ஆளாளுக்கு மாற்றி ஊதவிடாதே. கிளாரினெட் மவுத்பீஸைக் கொதிநீரில் போடாதே, இளஞ்சூட்டு நீரே போதும்.

என்ன வாசிப்பது என்று கேட்டாய். பிள்ளைகள் பைலா ஆட்டப்பாட்டுக் கேட்பார்கள், தெரியும். 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டிக்குப் பப்பரே என்கிற பாண்ட் ஊத்து இல்லாமல் போகமுடியுமா? நானும் கூட்டத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன்தான். ஆனால் அது வெறி பிடித்து ஊதுகிற ஊத்து, தொடக்கக்காரர் உதட்டுக்கு ஆகாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடு. ஆங்கிலேயர் பாண்டில் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, நேர் நேரான ஸ்வரம். பாண்டிலிருந்து வந்ததைப் பாண்டுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். முதலில் நீ பாடிக் காட்டு, பிள்ளைகள் ஸ்வரமாகத் திரும்பப் பாடட்டும், பிறகு ஊதட்டும். வாயில் வராதது குழலிலும் வராது.

என் கோணெட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1995 ஒக்டோபரில் போரினால் வலிகாமம் பகுதிச் சனமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. இருந்திருந்தால் உன்னிடம் தந்திருப்பேன். நீயும் ஒரு வாத்தியத்தை எடுத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பழகு. ரீச்சர் பிசகுவதைப் பார்த்தால் அவர்களுக்கு வெட்கம் விட்டுப்போகும்.

இந்தப் பொதியில் ரீட் ஒரு பெட்டியும் வால்வு எண்ணெயும் இருக்கின்றன. அம்மா தந்த பருத்தித்துறை வடையும் இருக்கிறது, கணித ஆசிரியருக்கும் கொடு. மூன்றாவது கிளாரினெட் ஊதவே மறுக்கிறது என்றாயே, அதில் பஞ்சு மூடி கிழிந்திருக்கிறதா, இல்லை வில்கம்பி கழன்றிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுது. மூடி என்றால் இங்கே ஒருவரிடம் கேட்டு வாங்கி அடுத்த படகில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா