வீட்டோடு புறப்படும் பயணம்

பீனிக்ஸ், அரிசோனா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். அடுத்த ஆண்டு இங்கு வரும்போது வெளியூர் எங்கும் அழைத்துப் போக வேண்டாம், பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருந்தாலே போதும் என்று அம்மா தொலைபேசியில் சொன்னதிலிருந்து என் மனம் அதைச் சுற்றியே வருகிறது. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. சென்ற முறை விமானம், ஓட்டல், வாடகைக் கார் என்று நாம் அலைந்ததில், பார்த்த இடங்களைக் காட்டிலும், பெட்டிகளைக் கட்டியதும் அவிழ்த்ததும், அறையைக் காலி செய்யும் நேரத்துக்குப் பயந்து அப்பா அரைத் தூக்கத்தில் எழுந்ததும், அடுத்த கழிப்பறை எங்கே வருமோ என்று அம்மா தண்ணீரே குடிக்காமல் வந்ததும்தான் நினைவில் நிற்கின்றன. ஆனால், இந்தத் தொல்லைகள் எல்லாம் நாம் போன முறையால் வந்தவை. இம்முறை ஆர்.வி. எனப்படும், வீடு போன்ற வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நானும் உங்கள் மாப்பிள்ளையும் எண்ணியிருக்கிறோம்.

படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்த இனம்தான். ஆனால் ஒரு குடும்பம் தங்கிக்கொண்டே பயணம் செய்வதற்கென்று அமைக்கப்பட்டது. பேருந்து அளவில் இருப்பதை ஏ வகுப்பு என்றும், வேன் அளவில் இருப்பதை பி வகுப்பு என்றும், இரண்டுக்கும் இடைப்பட்டதை சி வகுப்பு என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்து வைத்திருப்பது சி வகுப்பு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை இருக்கும், அது பிள்ளைகளுக்கு. பின்புறம் இருக்கும் பெரிய படுக்கை உங்களுக்கு. நடுவில் உள்ள சாப்பாட்டு மேசையை இரவில் தாழ்த்தி மெத்தை விரித்தால் நாங்கள் இருவரும் படுத்துக்கொள்வோம். புரொப்பேன் வாயுவில் எரியும் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கை கழுவும் தொட்டி, குளிக்கும் இடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. இதை ஓட்டுவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. சாதாரணக் கார் உரிமமே போதும்.

உங்களுக்கு இதனால் என்ன நன்மை என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். அப்பாவின் இன்சுலின் வீட்டில் இருப்பதைப் போலவே வண்டியின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்; ஓட்டலுக்கு ஓட்டல் ஐஸ் கட்டி கேட்டு நிற்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதும், இந்நாட்டு நெடுஞ்சாலை உணவகங்களில் அவருக்கு ஏற்றது கிடைப்பது அரிது என்பதும் உங்களுக்கே தெரியும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் படுத்து எழுந்து, பிறகு புறப்படலாம். இரவில் எத்தனை முறை எழுந்தாலும் கழிப்பறை நான்கு அடி தூரத்தில். முழங்கால் வலியோடு அம்மா மாடிப்படி ஏறவோ நீண்ட நடைவழிகளில் நடக்கவோ வேண்டாம். வண்டிக்குள் ஏறுவதற்கு மட்டும் இரண்டு மூன்று படிகள் உண்டு, பக்கத்தில் கைப்பிடியும் உண்டு. வண்டி ஓடும்போது மட்டும் எல்லோரும் இருக்கை வார் அணிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுப்பதும் சமைப்பதும் நின்ற பிறகுதான். அதனால் என்ன, நிற்பது நம் கையில் இருக்கிறதே! ஒன்பது மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்று யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நன்மையாகப் படுகிறது.

முதலில், தேசியப் பூங்காவாக உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகலாம். பீனிக்ஸிலிருந்து அதன் தென்விளிம்பு சுமார் 230 மைல், அதாவது 370 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாலும் நாம் அவசரப்படப் போவதில்லை. தென்விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் இருப்பதால் சிலருக்கு மூச்சு வாங்கும். ஆகையால், கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கி, உடம்பு பழகிய பிறகு மேற்கொண்டு செல்வோம். பூங்காவுக்குள்ளேயே டிரெய்லர் வில்லேஜ் என்று ஆர்.வி.களுக்கான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் கிடைக்கும். வண்டியை அங்கே நிறுத்திவிட்டால் பிறகு அதைத் தொடவே வேண்டாம். தென்விளிம்பின் காட்சிமுனைகளுக்குப் பூங்காவின் இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. சுமார் ஒரு மைல் ஆழத்துக்குக் கீழே இறங்கும் அந்தப் பள்ளத்தாக்கின் சுவர்களில் காலை வெயிலும் மாலை வெயிலும் வெவ்வேறு நிறம் காட்டும். பகலில் வந்து பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்ப நூறு மைல் ஓடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டையும்தான். விடிவதற்கு முன் அப்பா எப்படியும் எழுந்துவிடுவார். காபியைக் கையில் கொடுத்தே அவரை விளிம்புக்கு அழைத்துச் செல்வேன்.

செலவு குறையுமா என்று அப்பா கட்டாயம் கேட்பார். குறையும் என்று உறுதி சொல்ல எனக்கு மனமில்லை. நாள் வாடகையோடு ஓடும் மைலுக்கும் தனிக்கட்டணம் வாங்குவதுண்டு. எரிபொருளும் அதிகம் குடிக்கும், ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல் கிடைத்தால் உண்டு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். ஆறு பேருக்கு இரண்டு ஓட்டல் அறைகள், மூன்று வேளை வெளிச்சாப்பாடு, விமானச் சீட்டு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நெருங்கி வரும். இருவர் மட்டும் போவதாக இருந்தால் நானே காரும் ஓட்டலும் போதும் என்றிருப்பேன்.

சிரமங்களும் உண்டு. நன்னீருக்கு ஒன்று, குளித்த நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று வண்டியின் அடியில் தொட்டிகள் இருக்கும்; கழிவு நிறைந்ததும் அதற்கென உள்ள இடத்தில் குழாய் மாட்டி வெளியேற்ற வேண்டும். அந்த வேலை மாப்பிள்ளையுடையது. கையுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்கிறார். எல்லாச் சாலைகளிலும் இந்த வண்டி போக முடியாது. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைப்பாதையில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு நடுப்பகுதியில் அனுமதியே இல்லை. தேசியப் பூங்காக்களின் முகாம்களில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அது அம்மாவுக்குப் பிடிக்கும்.

வயதானவர்களுக்கு ஒத்துவருமா என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் ஆர்.வி.யிலேயே வாழ்பவர்கள் இந்நாட்டில் பலர். குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து எங்கள் அரிசோனாவுக்கு வந்துவிடுகிறார்கள். குவார்ட்சைட் என்ற சிறிய பாலைவன ஊர், அவர்களுடைய வண்டிகளால் அந்த மாதங்களில் நிரம்பிவிடுகிறது. சில முகாம்களில் இத்தகைய முதியவர்களே தொண்டர்களாகத் தங்கி, வருபவர்களுக்கு வழி காட்டுகிறார்கள். அவர்களோடு பேசினால் அப்பாவுக்குப் பொழுது போவதே தெரியாது.

செப்டம்பர் கடைசியில் போவது நல்லது என்று தோன்றுகிறது. கோடை வெயிலும் பள்ளி விடுமுறைக் கூட்டமும் அதற்குள் தணிந்திருக்கும், இரவுக்கு மட்டும் கம்பளி வேண்டும். பூங்காவுக்குள் இடம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், நீங்கள் வரும் தேதி தெரிந்தால்தான் பதிவு செய்ய முடியும். அப்பாவின் மருத்துவரிடம் 7000 அடி உயரத்தில் சில நாட்கள் தங்கலாமா என்று கேட்டு, மருந்துகளின் பட்டியலையும் வாங்கி வைத்துவிட்டு, உங்கள் முடிவை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்